அழைப்பு வந்தால்தான் வண்டி

உங்கள் காவல் நிலையக் காப்பி தேவலை. எங்கள் தீயணைப்பு நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கிற டார்லா போடுவது வெறும் கழுநீர். அதைக் குடித்தே இத்தனை வருடம் அங்கே தலைவனாகக் காலம் தள்ளிவிட்டேன்.

எங்கள் ஊரில் நெருப்புப் பிடிப்பது அபூர்வம். எங்களால் சனங்களுக்கு உண்டான பயன் எல்லாம் அவசர சிகிச்சைதான். ஆம்புலன்ஸ் தூரத்து நகரத்திலிருந்து வர வேண்டும். பனிக்காலத்தில் அது வந்து சேர்வதற்குள் ஆள் விறைத்துவிடுவான். மருந்து கொடுக்கவும் ஊசி போடவும் மாநில அரசு எங்களுக்கு உரிமம் தந்திருந்தது. ஆண்டுதோறும் போதுமான நோயாளிகளைக் கவனித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டுப்போடுவதோடு நிறுத்திக்கொள் என்பார்கள். ஊர்க்காரர்களோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். நான் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

செல்மர் ட்வைட்டுக்குச் சர்க்கரை வியாதி, கண்ணும் மங்கல். அவர் மனைவி ஆர்டிஸுக்குக் கை நடுங்கும். அதனால் வாரா வாரம் போய் அவருடைய இன்சுலின் ஊசிகளை நாள்வாரியாக நான்தான் நிரப்பி வைப்பேன். ஒரு காசு வாங்கியதில்லை. சில ஊசிகளில் மட்டும் கொஞ்சம் தாராளமாக நிரப்பினேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி அவர் மயங்குவார், ஆர்டிஸ் அவசர எண்ணுக்கு அழைப்பாள், நாங்கள் போய்த் தெளிய வைப்போம்.

"என்ன லைல், இன்னைக்கும் நீதானா? பேசாம படுக்கையை இங்கயே கொண்டாந்து போட்டுக்கோ," என்று கண் விழித்ததும் கேலி செய்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் அவர் வீட்டுப் படியிறங்கும்போது டார்லா கேட்டாள்.

"சீஃப், விரல்ல குத்தி சர்க்கரை எவ்வளவுன்னு பாக்கவே இல்லையே. எடுத்ததும் குளுக்கோஸ் குடுத்தீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"அனுபவம்மா."

"ஆமாமா, பெரிய அனுபவம்."

அன்றிலிருந்து அவள் பார்வையே சரியில்லை. நான் உள்ளே நுழைந்தால் தொலைபேசியை வைத்துவிடுவாள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்கிற ரகம். கூட இருக்கிறவர்களையே நம்ப முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

அந்த வெள்ளிக்கிழமை உரிமம் புதுப்பிக்க ஆய்வாளர் வந்தார். அவர் கண்ணெதிரே ஓர் அழைப்பு வந்தால் நல்லது என்று, செல்மரின் அன்றைய காலை ஊசியைக் கூடுதலாகவே நிரப்பியிருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே எதிர்த் தேவாலயத்தைப் பார்த்தேன். மாலை மீன் விருந்துக்காக ஆர்டிஸ் காரிலிருந்து ஆப்பிள் பலகாரத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது. ஓடிப்போய் ஆர்டிஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படித் தெரிஞ்சுது என்று டார்லா அங்கேயே பிடித்துக்கொள்வாள். தவிர, அழைப்பு வராமல் சிகிச்சைக்குப் போக எங்கள் உரிமத்தில் இடமில்லை. ஆய்வாளர் சாயங்காலம்வரை இருந்தார். நானும் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

விருந்து முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் ஆர்டிஸ் அழைத்தாள். நாங்கள் போனபோது செல்மரின் உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. ஆனால் அழைப்பு வந்த மறு நொடியே நான் வண்டியை எடுத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் தாமதமாக வந்தோம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.