வார்ப்புக் கை

லென்ஸுக்கு லட்சம் செலவழிக்கிறவர்கள்கூட அதைத் தாங்கும் தலைக்கு வந்துவிட்டால் கத்தரிக்காய்ப் பேரம் பேசுவார்கள். இருபத்தைந்து வருஷமாக என் கேமராக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான், கனமான டெலிஃபோட்டோ லென்ஸுக்குக் கட்டுப்படியான விலையில் கிம்பல் தலை வாங்குவது எப்படி என்று நம் மன்றத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரக் கேட்டபோது, உடனே சரி என்றேன். கல்கத்தாத் தமிழர்களில் இதை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

முதலில் விஷயம். கிம்பல் தலை என்பது முக்காலியின் உச்சியில் மாட்டும் ஒரு கை. முழங்கை மடங்கின மாதிரி இருக்கும். லென்ஸ் அதன் மேல் உட்காராது. தூளியில் பிள்ளை கிடப்பதுபோல் அதில் தொங்கும். எடையைச் சமமாக நிறுத்திவிட்டால் ஆறு கிலோ லென்ஸை ஒற்றை விரலால் தள்ளிப் பறக்கிற பருந்தோடு திருப்பலாம். விரலை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். சாதாரண உருண்டைத் தலையில் கொஞ்சம் அசந்தால் லென்ஸ் குப்புறச் சாயும்.

அமெரிக்காவில் செய்வது அருமையானது. அதன் விலையைக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் தண்ணீர் கொடுப்பேன். அப்புறம் ஹௌராவில் பட்டறை வைத்திருக்கும் நிமாய் கர்மகாரிடம் செய்து வாங்கியதைக் காட்டுவேன். நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணன், இரண்டு விதமாகச் செய்வார். ஒன்று, அலுமினியக் கட்டியைக் குடைந்து எடுப்பது. மற்றது, உருக்கி அச்சில் வார்ப்பது. கறுப்புப் பெயின்ட் அடித்த பிறகு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வார்ப்பில் சில சமயம் உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடும். வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தால் அதன் முழங்கை மடிப்பில் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வாங்கலாம். மண்சட்டியைத் தட்டினதுபோல் கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

அப்படி மண்சட்டிபோல் ஒலித்த ஒரு கை என்னிடம் இருந்தது. நிமாய்தா அதன் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தனியாகத்தான் கொடுத்தார். கடையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொள், கேமரா எதையும் மாட்டிவிடாதே என்றார். சரி தாதா என்று வாங்கி வைத்தேன்.

என் அப்பா மருதமுத்து லேக் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருந்தார். புளி, அப்பளம், காப்பிப்பொடி எதுவானாலும் இரண்டு தரம் இருக்கும். முன்னால் ஒன்று, உள்ளே ஒன்று. பேரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அப்பா முகம் மாறாது. "சரி, எடுத்துக்குங்க. உங்களுக்குப் புதுசா உள்ளேயிருந்து தர்றேன்" என்று எழுந்து போவார். வாங்குகிறவருக்குத் தனி மரியாதை கிடைத்த சந்தோஷம். அவர் சொன்ன விலைக்கு உண்டான புளி அவருக்குப் போய்ச் சேரும். கொட்டை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இதில் ஏமாற்று இருப்பதாக எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. எனக்குக் கடை வைத்துக் கொடுத்தபோது அப்பா சொல்லிக்கொடுத்த தொழிலும் இதுதான்.

மன்றத்தில் பல வருஷப் பழக்கமான வெங்கட்ராமன் 1998 நவம்பரில் கடைக்கு வந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, சால்ட் லேக்கில் குடியிருப்பு, பறவைப் பைத்தியம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற பழைய அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸைப் பிடித்திருந்தார். அதை எடுத்து வந்து கண்ணாடி மேசைமேல் வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். ஆகவே அதன் எடை எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

கட்டியில் குடைந்த தலையைக் காட்டி ஆறாயிரத்து ஐந்நூறு என்றேன். அவர் மூவாயிரத்தில் ஆரம்பித்தார். என் கடைக்கு மூன்று படி. மூன்று தடவை இறங்கினார், மூன்று தடவை கூப்பிட்டேன். கடைசித் தடவை மூன்றாம் படியில் நின்றுகொண்டு, கடையில் இருந்த வங்காளிகளுக்கும் விளங்கட்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"நாலாயிரம். அதுக்கு மேல காலணா கிடையாது. உங்கப்பா கடையிலயாவது கொசுறுக்குக் கறிவேப்பிலை கிடைக்கும். நீர் என்னய்யா, தலைக்குத் தங்க முலாம் பூசியிருக்கீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறிப்பாக எழுதி வைக்கிறேன், கோபத்தில் செய்துவிட்டான், பாவம் என்று யாராவது இரக்கப்பட்டுவிடக் கூடாது.

"சரி சார், எடுத்துக்குங்க. உங்களுக்குப் புதுசா உள்ளேயிருந்து தர்றேன்" என்றேன்.

உள்ளே போய் ஈரத்துணியால் சாக்பீஸ் குறியைத் துடைத்தேன். வெங்கட்ராமன் அதை வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு வைத்துக்கொண்டு படியிறங்கினார். நாணயத்தால் தட்டிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால். அவருடைய பக்கத்து வீட்டு சென் பாபு என் டாலிகஞ்ச் வீட்டுக்குப் போன் செய்தார். மொட்டைமாடிச் சுவரோரம் முக்காலியை வைத்து, எதிர் மரத்துப் பருந்துக் கூட்டை வெங்கட்ராமன் படமெடுத்துக்கொண்டிருந்தாராம். லென்ஸ் சுவருக்கு வெளியே விழுந்ததாம். பிடிக்கப் பாய்ந்தவரும் கூடவே போய்விட்டார். நாலு மாடி. லென்ஸ் ஏன் விழுந்தது என்று சென் பாபு சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டாக்சி பிடித்தேன். நேரே சால்ட் லேக்குக்குப் போகாமல் கடைக்கு விடச் சொன்னேன். கால் மணி நேரச் சுற்று. முன்னால் வைத்திருந்த நல்ல தலையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி டாக்சியில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நீங்கள் விவரம் தெரிந்தவர், சாமான்களைப் பத்திரப்படுத்துங்கள் என்று சென் பாபு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அவரும் புறப்பட்டார். மாடியில் முக்காலியின் மேல் பாதிக் கை நின்றுகொண்டிருந்தது. மீதிப் பாதி கீழே, நொறுங்கிய லென்ஸின் அடிப்பாகத்தைக் கவ்வியபடி, சாமந்திச் செடிகளுக்கு நடுவில் கிடந்தது. உடைந்த இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு குழி. இரண்டு பாதியையும் பையில் போட்டேன். முக்காலியில் நல்ல தலையை மாட்டி, லென்ஸைப் பிடிக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி வைத்தேன். நாலாயிரத்துக்குத் தர மனசு வராத சரக்கை இனாமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

மத்தியானம் போலீஸ் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். இந்தச் சாமானைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பார்த்தேன். திருகு சரியாக இறுக்கப்படவில்லை, லென்ஸ் வழுக்கிப் போயிருக்கிறது என்று சொன்னேன். இறந்தவர் பேரில் ஒரு மறதியை எழுதுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

என் கணிப்பு தப்பியது அங்கேதான். வெங்கட்ராமனுடைய மகள் ஜெயப்ரியா கதவருகில் நின்றிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், மாமா என்று வாயில் வராது. வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல் என்னைக் காக்கு என்பாள்.

"காக்கு, அப்பா இல்ல. இன்னிக்கு லென்ஸை மாட்டினது நான்."

அதையே வங்காளியிலும் சொன்னாள். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அவள் அம்மா சரோஜா, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே என்னைப் பார்த்தாள். துணிப்பை என் காலடியில் இருந்தது. குனிந்து அதைத் திறந்திருக்கலாம். அதற்கு வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சின்னப் பெண்தானே சார், பழக்கம் பத்தாது" என்றேன்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். அவள் பேர் எதிலும் வராமல் பார்த்துக்கொண்டதற்குச் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதத்தில் ஜெயப்ரியா கடைக்கு வந்தாள். எத்தனை சுற்று இறுக்க வேண்டும், காட்டுங்கள் காக்கு என்றாள். காட்டினேன். அப்புறம் மாதம் ஒரு முறையாவது வருவாள். ஒரு தலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திருகை இறுக்குவாள், தளர்த்துவாள், இறுக்குவாள். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். வீட்டில் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகித் திருகி இரண்டு முறை உடைத்துவிட்டாள் என்று சரோஜா சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, இவள் பதினைந்து தடவை எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாளாம். அந்த இடம் அதோடு போயிற்று. வேறு இடமும் அமையவில்லை.

எனக்கும் இது சும்மா போகவில்லை. உடைந்த பாதிகள் இரண்டும் கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் எடுத்துச் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பேன். விரிசலே தெரியாமல் பொருந்தும். பிடியை விட்டால்தான் பிரியும். அதனால் சில நாள் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்துவிடுவேன். வாடிக்கையாளர் யாராவது மூன்றாம் படியில் நின்று திரும்பிப் பார்த்தால் என் வாய் தானாக "சரி சார், எடுத்துக்குங்க" என்றுவிடுகிறது. பத்து வருஷமாக அந்தப் படியில் நின்ற யாரிடமும் நான் பேரம் பேசியதில்லை. ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று சொல்ல முடியாது. சில நாள் படியில் யாருமே இருப்பதில்லை.

ஆக, ஒளிவுமறைவில்லாமல்: உடையும் என்று தெரிந்தே அந்தக் கையை விற்றேன். வெங்கட்ராமன் அதனால் செத்தார். சாட்சியத்தை மாற்றினேன். பழி அவர் மகள்மேல் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை அச்சில் தர எனக்குப் பயமில்லை. ஆண்டு மலரை யாரும் படிப்பதில்லை. தங்கள் போட்டோ வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். சரோஜாவுக்குக் கண்புரை. ஜெயப்ரியாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

போன மாதம் வந்தபோது அவள் எந்தத் தலையையும் கேட்கவில்லை. நேராக என் எதிரில் உட்கார்ந்தாள். இருபத்தொன்பது வயதுதான், காதோரம் நரைத்துவிட்டது.

"காக்கு, ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு நான் திருகை இறுக்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா அதை ஆட்டிப் பார்த்துட்டு, பேஷ், இனி நீதான் என் அசிஸ்டென்ட்னு சொன்னார். இத்தனை வருஷமா இதை மட்டும் வெச்சுட்டுதான் தூங்கறேன். இறுக்கியிருந்தா எப்படிக் கழண்டிருக்கும்?"

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தது நான்மா. திருகு ரெண்டு சுற்று தளர்ந்துதான் இருந்துச்சு."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்போ அப்பா அப்படிச் சொன்னது?"

"அதிர்ச்சியில மனசு அந்த மாதிரி எதையாவது செஞ்சு வெச்சுக்கும். உனக்கு வேணுங்கிறதை நீயே நினைச்சிருப்பே. அதை விட்டுடும்மா."

அவள் அச்சா என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நேற்று சரோஜா போன் செய்தாள். பெண் இப்போது எதற்கும் எழுந்து ஓடுவதில்லையாம். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள், சொல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். அப்பா பேச்சை எடுத்தால்கூட முகத்தில் ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது, நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று நான்தான் தைரியம் சொன்னேன். பத்து வருஷமாக அந்தக் குழந்தை சுமந்துகொண்டிருந்த பாரத்தை, கடைசியில் என்னால் இறக்கிவைக்க முடிந்ததே.