மருந்து ஒட்டிக்கொள்ளும் புரதம்

செந்தூல் போகும் மினிபஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி மடியில் மருந்துப் பை. அக்கா ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர் போல.

“மருந்து தனியா ஒண்ணும் செய்யாதுடா. உன் உடம்புல உள்ள ஒரு புரதத்துல போய் ஒட்டிக்கும். ரெண்டும் சேர்ந்துதான், நான் குடுத்த கிட்னிய உன் உடம்பு தாக்காம தடுக்குது.”

“அந்தப் புரதத்துக்குச் சொந்த வேலை இல்லையாக்கா?”

“இருக்கு. அதுவே ஒரு நொதி. மத்த புரதங்க சரியா மடிஞ்சு உருவம் எடுக்க உதவும். மருந்து ஒட்டினா அந்த வேலை நின்னுடும்.”

“நின்னா?”

“லேப்ல பார்த்துட்டோம். பெருசா ஒண்ணும் ஆகாது லா.”

தம்பி பையை இறுக்கிப் பிடித்தான். “கிட்னி குடுத்த பொண்ணு வேணாம்னு பங்சார்ல உள்ள மாப்பிள்ளை வீட்டுல சொன்னப்பவும் நீ இதையேதான் சொன்ன.”

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மருந்த நேரத்துக்குப் போடு,” என்றார்.