முன்சீட்டின் அடியில் போகாத ஆம்பிளிஃபயர்

பெங்களூர், நடுவர் நீதிமன்றம், ஆகஸ்டு 2002. சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரால் எழுதப்பட்டது.

என் பெயர் அம்புஜம். காலஞ்சென்ற முனிராஜின் மனைவி. வயது ஐம்பத்து நான்கு. மர்பி டவுனில் சொந்த வீட்டில் என் ஒரே மகன் நரேஷுடன் வசிக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். எனக்குக் கன்னடம் பேசவும் படிக்கவும் தெரியும். காவல் நிலையத்தில் கன்னடத்தில் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தில் நான் சொல்லாத சங்கதி இருந்ததால் அதில் கையெழுத்துப் போட மறுத்தேன். இன்று நீதிபதி அவர்கள் முன்னிலையில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் தாய்மொழியில் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு மாருதி 800 கார் இருக்கிறது. நானே ஓட்டுவேன். வேலை பார்த்த காலமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீச்சுக் குரல்களையே கேட்டவள் என்பதால், ஓய்வு பெற்றதும் வயிற்றில் வந்து விழுகிற கனத்த சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. எனக்குப் பிடிக்கும், அதனால் வாங்கினேன்.

சென்ற மார்ச்சு மாதம், லிங்கராஜபுரத்தில் கார் ஸ்டீரியோ பொருத்தும் கடை வைத்திருக்கும் யூஜின் என்பவரிடம் போய், டிக்கியில் வைக்க, கனத்த சத்தம் தரும் சப்ஊஃபர் ஸ்பீக்கர்கள் இரண்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அவற்றை இயக்க ஆம்பிளிஃபயர் பார்த்தேன். ஒரே கம்பெனியில் இரண்டு காட்டினார். பெரியதன் டப்பாவில் ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைத்தான் கேட்டேன். அவர், "டப்பா மேல போட்டிருக்கறத நம்பாதீங்க ஆன்ட்டி. அது ஒரு செகண்ட் தம் கட்டிக் குடுக்கறது. நின்னு குடுக்கறது எவ்ளோ, ரெண்டு ஊஃபரையும் சேத்துப் போட்டா தாங்குமா, அதப் பாருங்க" என்றார்.

வியாபாரி பேச்சை அப்படியே நம்புகிறவள் நான் இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த தவில் கேசட்டை, கடைப் பலகையில் மாட்டியிருந்த இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பெரியதில் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் களி கிண்டினது போலக் குழைந்தது. சின்னதில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்தது. அது தவிர, பெரியது என் காரின் முன்சீட்டுக்கு அடியில் போகாது என்று யூஜின் டேப் வைத்து அளந்து காட்டினார். அவருக்கு லாபம் பெரியதில்தான். ஆனாலும் சின்னதையே எடுக்கச் சொல்லி, அன்றே சீட்டுக்கு அடியில் பொருத்திக் கொடுத்தார். பெரியது கடைப் பலகையிலேயே இருந்தது.

ஜூலை மாதம் ஒரு நாள் காலை காரை எடுக்கப் போனபோது ஆம்பிளிஃபயர் இல்லை. கண்ணாடி உடையவில்லை, பூட்டும் நெளியவில்லை. ஒயர் முனைகளில் பத்திரமாக டேப் சுற்றியிருந்தது. என் மகன், "போனா போவுது, விடும்மா" என்றான். நான் விடாமல் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தேன்.

அதன் பிறகு போலீசார், வண்டியின் உள்விவரம் தெரிந்தவன் பொருத்தியவன்தான் என்று சொல்லி யூஜினுக்கு ஆள் அனுப்பினார்கள். மடியில் கனமில்லாததால் அவர் தானாகவே நடந்து வந்தார். வந்தவரை உட்கார வைத்துவிட்டு, அவர் கடைப் பலகையிலிருந்த பெரிய ஆம்பிளிஃபயரைக் கழற்றி எடுத்து வந்து, திருட்டுப் பொருள் கிடைத்துவிட்டது, வந்து அடையாளம் காட்டு என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் போய்ப் பார்த்து, இது என்னுடையது இல்லை, நான் வேண்டாம் என்று ஒதுக்கியது என்றேன். இன்ஸ்பெக்டர் கன்னடம் கலந்த தமிழில், "அதே கம்பெனி, அதே கறுப்பு. சின்னது போயி பெருசு கெடைச்சா உனக்கு என்னம்மா பேஜாரு? சும்னே ஒரு சைன் போடு" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது என்று பக்கத்திலிருந்த ஏட்டு சொன்னார். அது இன்னொருத்தன் வீட்டுப் பால் என்றேன்.

யூஜின் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பொத்தான்கள் இல்லை. எப்போதும் வாய் நிறைய ஆன்ட்டி என்பவர், அன்று என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புகார் கொடுத்தவள் நான்தானே. எனக்கு ஆத்திரமும் அவமானமும் சேர்ந்து வந்தது. "என் வண்டி வாசல்ல நிக்குது. இத முன்சீட்டு அடியில வெச்சுக் காட்டுங்க, சைன் போடறேன்" என்றேன். ஒரு கான்ஸ்டபிள் கையால் தள்ளிப் பார்த்து, அதன் பிறகு காலாலும் தள்ளினார். அது பாதியிலேயே சிக்கி நின்றது, சீட்டு முன்னேயும் நகரவில்லை, பின்னேயும் நகரவில்லை. அப்படியும் எழுதினது எழுதினதுதான் என்று சொல்லி, மறுநாள் யூஜினைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அது தெரிந்த அன்று நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் நரேஷ், "பெருசுதானேம்மா, வாங்கிக்கோ. கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சிடும்" என்றான். காரில் நான் கேசட் போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், இருப்பதிலேயே பெரியதை வாங்கிக்கொள் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கார் மாற்றுச் சாவி அவனிடம்தான் இருக்கும். நேராகவே கேட்டேன். "நான்தான் கழட்டினேன்" என்றான்.

நரேஷ் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், டொம் டொம் என்று தெருவில் வந்த வண்டி யாருடையது, பையனுடையதா என்று விசாரித்தார்கள். என்னுடையது என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அது அவனுக்குத் தலைகுனிவாகப் போயிருக்கிறது. "பொருள் இல்லன்னா நீயே விட்டுடுவன்னு நினைச்சேன். அந்த ஆளப் புடிப்பாங்கன்னு தெரியாதும்மா" என்றான். பிடித்த பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

அதன் பிறகு அவனையே பரணில் ஏற்றினேன். பித்தளை அண்டாவுக்குள் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். அதைத்தான் இன்று நீதிபதி அவர்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். என்னுடைய ஆம்பிளிஃபயர் இது ஒன்றுதான். போலீசார் எடுத்து வந்தது யூஜின் கடைப் பொருள், அதை அவரிடமே கொடுக்க வேண்டும்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கும் ஆடியது. பொருள் தானாகக் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடு, வேறொன்றும் சொல்லாதே என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் ஓர் இரவு முழுக்க அதை யோசித்தேன். அப்படிச் சொன்னால் யூஜின் வெளியே வந்தாலும், பயந்துபோய்த் திரும்ப வைத்த திருடன் என்றுதான் ஊர் பேசும். அவர் கடையில் அப்புறம் யார் வண்டியை விடுவார்கள்? ஆகவே முழுதும் சொல்கிறேன். எடுத்தவன் என் மகன் நரேஷ். யூஜின் எடுக்கவில்லை. நரேஷ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். என் காரில்தான் கூட்டி வந்தேன்.

இதுவரை எழுதியது நான் சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை. மகன் பெயரை எழுதத்தான் வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் பேனாவை நிறுத்திக் கேட்டார். எழுதச் சொன்னேன்.

(ஒப்பம்) மு. அம்புஜம்