கிஹோ யாரோட அம்மாவைத் திட்டினான்?

இல்லம்மா, நான் கெளம்பல. காலு மரத்துப்போச்சேன்னு எந்திரிச்சேன். உன் ஆராய்ச்சிக்கான அந்த வாக்கியத்தை நீ படி. தொன்சிக் தன் அம்மாவைத் திட்டினான், கிஹோவும் திட்டினான். சரி. கிஹோ யாரோட அம்மாவைத் திட்டினான்னு என்னைக் கேட்டா? நீதான் ரெண்டாவது தடவை ‘அம்மாவை’ங்கற வார்த்தையையே முழுங்கிட்டியே!

ஆமாமா, நம்ம கொரியால எல்லாரும் அப்படித்தான் பேசறோம். தெரிஞ்சதை எவன் திருப்பிச் சொல்றான்? சாப்டாச்சான்னு எம் பொண்டாட்டி கேட்டா, சோறா மாத்திரையான்னு நான் கேக்கறதில்ல. தன் அம்மாவைத்தான் திட்டியிருப்பான், எழுதிக்கோ. அடுத்தவன் அம்மாவைத் திட்டியிருந்தா தொன்சிக் அவன் பல்லைப் பேத்திருப்பான். என்ன, ரெண்டு அர்த்தமும் வரலாமா? உன் ஆராய்ச்சிக்கு எது தோதுப்படும்னு சொல்லு, அதையே சொல்லிடறேன். கூடாதா? மனசுல பட்டதைத்தான் சொல்லணுமா? சரி சரி, கோச்சுக்காத.

ஃபோனா? என் தங்கச்சி மிரான். பூசான்ல உக்காந்துக்கிட்டு, கெளம்பிட்டியா கெளம்பிட்டியான்னு உசுர எடுக்கறா. நாலு மணிக்குள்ள ஓரெடத்துக்குப் போகணும். அடிச்சு ஓயட்டும், நீ படி.

ஏம்மா, தொன்சிக் தன் அம்மாவைக் குளிப்பாட்டறான், கிஹோவும் குளிப்பாட்டறான். தொன்சிக் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான், இவனும் போறான். இந்தக் கிஹோவுக்குச் சொந்தமா ஒண்ணுமே தோணாதா? சிரிக்காத. கிம்ச்சி ஊறுகா ஜாடியை ஒடைச்சான்னு ஒண்ணு எழுதேன், பட்டுனு பதில் சொல்றேன். எதுக்கெடுத்தாலும் அம்மாவையே இழுக்கணுமா?

என்னது, முடிஞ்சுதா? யுனிவர்சிட்டி வாசல்ல ஒட்டின நோட்டீசுல அரை மணி நேரம்னு போட்டிருந்தீங்களே! அதை நம்பித்தானே வண்டியைத் திருப்பினேன். பதில் சொன்னதுக்குக் காபி கூப்பனா? எனக்கு எதுக்கு, நீயே குடி. வேற வாக்கியம் இல்லையா? அப்போ மொதல்லேருந்து கேளு. கிஹோ விஷயத்துல அவசரப்பட்டுட்டேன்னு தோணுது.

இல்லம்மா, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ கார்ல எங்கம்மா உக்காந்திருக்கா. முட்டி வலிக்கு டாக்டரைப் பாக்கப் போறோம்னு சொல்லிக் கூட்டியாந்தேன். துணிமூட்டை எதுக்குடான்னு அவ கேக்கவே இல்ல, தானே எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. முதியோர் இல்லத்துல நாலு மணிக்கு மேல போனா சேத்துக்க மாட்டாங்களாம், கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம்.

மணி இப்பவே மூணே முக்கால் ஆச்சு. படிம்மா. மெதுவா படி.