பட்டாணி அளவுப் புள்ளி

மெயிலில் படம் அனுப்பத் தெரியாமல் திண்டாடுகிறவர்கள் ஏராளம், சார். 'இணைத்திருக்கிறேன்' என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்பி அசடு வழிவார்கள். எனக்கு அந்தக் கஷ்டமில்லை. ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் தயாரிக்கிறவன். மணப்பெண் முகத்துப் பருவை அழித்து, படத்தை மெயிலில் அனுப்புவதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

என் மனைவிக்குத் தீராத தலைவலி. ஸ்கேன் எடுத்தோம். அவள் அண்ணன் வெளிநாட்டில் மூளை நரம்பு டாக்டர். படத்தைத் தனக்கு அனுப்பினால் போதும் என்றுவிட்டார். ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டை அவர் கேட்கவே இல்லை. அடுத்தவன் கண்ணால் பார்க்கிற பழக்கம் மச்சானுக்குக் கிடையாது. ரிப்போர்ட்டைப் படித்தது நான் மட்டும்தான்.

படம் பெரிது என்று மெயில் முரண்டு பிடித்தது. சுருக்கி அனுப்பினேன். அதில் வஞ்சகம் எதுவுமில்லை.

"என்ன மாப்பிள்ளை, ஸ்டாம்பு அனுப்பியிருக்கீங்க? என் தங்கச்சி மண்டையை லென்ஸ் வெச்சா தேடுறது?" என்று போனில் சிரித்தார். ஏதாவது இருந்தால் அவளை உடனே அங்கே வரவழைத்து, குணமான பிறகும் தன்னோடே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அது கிடையாது. நானே தயாரித்த ஆல்பம், எனக்குத் தெரியாதா.

மறுநாள் ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கினேன். பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பருவை அழிக்கிற அதே பிரஷ்தான். பக்கத்திலிருந்து கொஞ்சம் சாம்பல் நிறம் எடுத்து மேலே தடவினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் தடவை முழு அளவில், நாலு துண்டாகப் பிரித்து அனுப்பினேன்.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத் தூங்கு" என்றார் மச்சான். அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

பிறகு அவளுக்குப் பார்வை மங்கியது. பேசினால் தலை வலிக்கும் என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன். மச்சானின் மெயில்களை நானே வாசித்துக் காட்டினேன். 'உடனே மறுபடி ஸ்கேன் எடுங்கள்' என்று எழுதியிருந்தார். நரம்புத் தளர்ச்சிதான், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று வாசித்தேன். ஓரத்தில் தேதியை மட்டும் மாற்றி, அந்தப் படத்தையே அவருக்குத் திரும்பவும் அனுப்பினேன்.

ஊட்டிவிட்டேன். தலை வாரிவிட்டேன். கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக் கூட்டிப்போனேன். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னங்க ஆவேன்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அப்போதுதான் அவள் வாயிலிருந்து கேட்டேன்.

சாவுக்கு வந்த மச்சான், ஸ்கேன் சென்டர் கொடுத்திருந்த ஒரிஜினல் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்தார். ஆமாம், அழித்தது நான்தான். தன்னிடம் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார். பிழைத்திருப்பாள்தான், ரிப்போர்ட் படித்த அன்றே எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள் சார், அங்கே போயிருந்தால் அவளை யார் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?