யாருமில்லாத முகவரி

காலையில் சூடாகச் சோயாப்பால் குடிக்காவிட்டால் எனக்குப் பேச்சே வராது, ஐயா. இப்போது குடித்தாயிற்று. கேளுங்கள், சொல்கிறேன்.

தைவானில், இந்த ஷின்ச்சூ நகரில், எங்கள் அலுவலகம் செய்வது ஒரு சின்னப் பெட்டி. வீட்டுக் கதவு, விளக்கு, சோறு வெந்ததும் பாட்டுப் பாடும் மின்குக்கர் எல்லாம் அதன் சொல் கேட்கும். மென்பொருளை மாற்றும்போதெல்லாம் சோதனை ஓட்டுவோம். 'கதவைத் திற, விளக்கைப் போடு' என்று ஓர் இணைய முகவரிக்குக் கட்டளை போகும். அங்கே நிஜமாகவே ஒரு வீடு இருந்துவிட்டால் வம்பு. அதற்காகவே யாருக்கும் கொடுக்காத சில எண்களை உலகம் ஒதுக்கி வைத்திருக்கிறது. எங்கள் குழுத் தலைவர் லியாவ் குவான்-டிங் இதைப் படித்துப் படித்துச் சொன்னார்.

"யாருமில்லாத முகவரியா பாத்துப் போடும்மா. தப்பித் தவறிக்கூட யார் வீட்டுக் கதவும் தொறந்துடக் கூடாது."

அப்படித்தான் போட்டேன், வருடக்கணக்காக. பதிலே வராது. நாள் முழுக்கக் கூப்பிட்டும் ஏனென்று கேட்க ஆளில்லை என்றால் ஒருத்திக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் சும்மா, குவான்-டிங் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் செய்த முதல் பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. சோதனைக்காக வைத்த பழைய கடவுச்சொல்லை அவர் மாற்றவேயில்லை. உடனே பதில் வந்தது: கதவு திறந்தது. எனக்கு வாயெல்லாம் பல். குழுவின் பொதுச் சோதனையிலும் அந்த முகவரியை அப்படியே விட்டுவைத்தேன்.

அதன்பின் குழுவில் யார் சோதனை ஓட்டினாலும் அவர் வீடு கூத்தாடியது. அவரே ஓட்டினாலும்தான். அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள். செத்தவர்கள் பூமிக்கு வருவார்கள் என்று நாங்கள் நம்பும் பேய் மாதம் வேறு.

"பட்டப்பகல்ல கதவு தானா தொறக்குதாம், குக்கர் பாடுதாம். வீட்டுக்காரி அரண்டு போய்க் கெடக்கா" என்றார். யாரிடம்? என்னிடம். அதுவரை சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதர், தினமும் என் மேசைக்கு வந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"பெட்டி மேல பச்சைப் பொட்டலம் வச்சீங்களாண்ணே?" என்றேன்.

இயந்திரம் அடங்கி நடக்க, அதன் தலையில் பச்சை உறைத் தீனி வைப்பது எங்கள் வழக்கம். பிரித்துத் தின்றால் போச்சு. வைத்தார். ஆறு வயது மகள் யூ-ஜியே தின்றுவிட்டாள். அன்று நான் சோதனையைக் கொஞ்சம் தாராளமாகவே ஓட்டினேன்.

மறுநாள் வீட்டில் இருக்க மாட்டேனென்று அவள் அழுததால் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, நான் தின்னதாலதான் பேய் வந்துச்சா?"

"ஆமா கண்ணு" என்றேன். குழந்தையின் நம்பிக்கையைக் கெடுப்பானேன்?

அதற்குப் பிறகு அவள் எதையுமே தின்னவில்லையாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். தேறியதும் அம்மாக்காரி அவளைத் தெற்கே தாய்னான் ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள். குவான்-டிங்கும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அவசரத்தில் பெட்டியை அணைக்க மறந்துவிட்டார்கள். இன்று காலைகூட அழைத்தேன். கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, குக்கர் பாடியது.

விதியை ஏன் மீறினாய் என்கிறீர்கள். எங்கே மீறினேன், ஐயா? முகவரியில் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? இப்போது அங்கே யாருமில்லை.