இவ்ளோ அகலம்

புதுக் குளியலறை வாசலில் அப்போது இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் மனைவி, வாடகைக்கு எடுத்த ஒரு சக்கர நாற்காலி. நாற்காலி காலியாக இல்லை. அளவு பார்க்கிறேன் என்று வீட்டுக்காரரே அதில் ஏறி உட்கார்ந்திருந்தார். முன்பாதி உள்ளே, பின்பாதி வெளியே. பெரிய சக்கரங்கள் இரண்டும் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றன.

“ஹலோ... ஹலோ மேஸ்திரி... ஆமா, நான்தான். பாத்ரூம்லதான் இருக்கேன். பாதி பாத்ரூம்ல... இல்ல, வழுக்கி விழல. மாட்டிக்கிட்டேன்... சிரிக்காதீங்க. அம்மா நாளன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வராங்க. நாற்காலி இருபத்தாறு அங்குலம், உங்க நிலை இருபத்திநாலு... என்னது, நான் சொல்லலையா? ‘இவ்ளோ அகலம்’னு தெளிவா சொன்னேனே! ரெண்டு கையையும் விரிச்சு... ஆமா... போன்லதான்...”

விரித்த ஒரு கையை அவரே மடக்கிக்கொண்டார்.

“சரி, விடுங்க... ஆமா, எழுதித் தரச் சொன்னீங்க. மூணு தடவை... ‘என் பேச்சுல நம்பிக்கை இல்லையா’ன்னு நான்தான் குதிச்சேன். இப்ப எனக்கே இல்ல... ஆபீஸ்ல ஒரு பேனா வேணும்னாக்கூட எழுதிக் குடுன்னு கேக்கிறவன் நான். பெத்தவ குளிக்கிற இடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதல... அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு மேஸ்திரி. யாரும் என்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாது, நானே போகணும்னாங்க... இருங்க, இவ பின்னாடி இழுக்கிறா... எழுந்துட்டேன். உள்ள வந்துட்டேன்... ஆமா, நடக்கிறவனுக்கு நல்ல வாசல்தான்.”

நாற்காலி வெளியே போனது. அது நின்ற இடத்தில் ஒரு நோட்டும் பேனாவும் நீண்டன.

“நாளைக்கே வந்து உடைச்சிடுவீங்களா?... எழுதிக் குடுத்தாத்தானா... சரி சரி, எழுதுறேன். கதவு மூணு அடி... ம்... படி வேண்டாம், தரை சமமா இருக்கணும்... கைப்பிடி வலது பக்கம். உயரம்... இவ்ளோ... இல்ல இல்ல, அம்மாகிட்ட கேட்டு எழுதுறேன்... தாழ்ப்பாளா? ஒண்ணுதான் வாங்கிக் குடுத்தேன்... வெளிப்பக்கமா மாட்டினீங்க? பாத்ரூமுக்கு எவனாவது... ஆமா. எந்தப் பக்கம்னு நான் சொல்லல. ஆமா... ஏய், நீ எதுக்குக் கதவைச் சாத்துற? எழுதி முடிக்கிற வரைக்குமா? ஏய்...”

கதவு மூடியது. தாழ்ப்பாள், அவர் வாங்கிக் கொடுத்த அந்த ஒரே தாழ்ப்பாள், வெளிப்பக்கம் விழுந்தது.